இரண்டு குயின்ஸ்ரைக், இரண்டு ஆல்பம்: பெயர் யாருக்குச் சொந்தம்?

26 ஏப்ரல் 2013 | நீலத்தட்டு

மூன்று நாளுக்கு முன் வந்த ‘ஃப்ரீக்வென்சி அன்னோன்’ அமெரிக்க மெட்டல் குழுவான குயின்ஸ்ரைக்கின் ஆல்பமா, இல்லையா? அட்டையில் பெயர் இருக்கிறது. குரல் ஜெஃப் டேட். ஆனால் கிட்டாரில் மைக்கேல் வில்டன் இல்லை, பேஸில் எட்டி ஜாக்சன் இல்லை, ட்ரம்ஸில் ஸ்காட் ராக்கன்ஃபீல்ட் இல்லை. அந்த மூன்று பேரும் டாட் லா டோரேயைப் பாட வைத்து, இதே பெயரில், ஜூனில் இன்னொரு ஆல்பம் கொண்டுவருகிறார்கள். என் கட்சி: ‘தி வார்னிங்’ ஆல்பம் தொடங்கி ‘எம்பையர்’ ஆல்பம் வரை அந்தப் பெயரை நம் காதில் ஏற்றியது டேட்டின் குரல். பெயர் அவரோடு போவதுதான் நியாயம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

26 ஏப்ரல் 2013 | கம்பிக்காரன்

குரல்தான் கணக்கு என்றால் எழுதியவருக்கு என்ன பங்கு? குழுவின் பழைய கிட்டாரிஸ்ட் கிறிஸ் டிகார்மோ 1990களின் கடைசியில் விலகினார். ‘சைலண்ட் லூசிடிட்டி’ அவர் ஒருவரே எழுதியது. 1991இல் அமெரிக்காவின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறிய பாட்டு, இவர்களுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. அவர் போனபின் வந்த ஆல்பங்களையும் அதே பெயரில்தான் வாங்கினோம். அப்போது எழாத கேள்வி பாடகர் போனால் மட்டும் ஏன்?

27 ஏப்ரல் 2013 | வழக்காடி

இரண்டு பேரும் பெயரைப் பாட்டோடு சேர்த்துப் பேசுகிறீர்கள். சட்டத்தில் அவை தனித்தனிச் சொத்து. ஒரு இசைக்குழுவிடம் நாலு வகைச் சொத்து உண்டு.

பாட்டின் இயற்றுரிமை எழுதியவருக்கு. ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், பெரும்பாலும் லேபிளுக்கு. இங்கே பழைய ஆல்பங்கள் எல்லாம் இஎம்ஐ என்ற லேபிளிடம். மேடையில் வாசித்த கூலி வாசித்தவருக்கு. நாலாவது பெயரும் சின்னமும். அமெரிக்காவில் குழுப் பெயரை டிரேட்மார்க்காகப் பதியும்போது வகை பிரித்துப் பதிவார்கள்: ஒலித்தட்டுக்கு 9ஆம் வகுப்பு, சட்டை தொப்பிக்கு 25, நேரடி நிகழ்ச்சிக்கு 41. பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. குயின்ஸ்ரைக் விஷயத்தில் அது தனி ஆள் பெயரில் இல்லை, ட்ரை-ரைக் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. 2012இல் அதன் பங்குதாரர்கள் டேட், வில்டன், ஜாக்சன், ராக்கன்ஃபீல்ட். நாலு பேர், சம பங்கு.

அதனால் இது பாடகருக்கும் குழுவுக்குமான சண்டை என்பதைவிட, ஒரு சின்ன நிறுவனத்தில் மூன்று பங்குதாரர் ஒருவரை ஓட்டெடுப்பில் வெளியேற்றிய வழக்கு. யார் நன்றாகப் பாடினார் என்பதை நீதிமன்றம் கேட்கப் போவதில்லை.

27 ஏப்ரல் 2013 | தோல்முரசு

வரிசை தெரியாதவர்களுக்கு: 2012 ஏப்ரலில் மேனேஜராக இருந்த சூசன் டேட்டை, அதாவது ஜெஃப் டேட்டின் மனைவியை, மற்ற மூவரும் நீக்குகிறார்கள். ஏப்ரல் 14 சாவ் பாவ்லோ நிகழ்ச்சிக்கு முன் மேடையிலேயே கைகலப்பு, ட்ரம்ஸ் தள்ளிவிடப்படுகிறது. ஜூனில் மூவரும் லா டோரேயோடு ‘ரைசிங் வெஸ்ட்’ என்ற பெயரில் சியாட்டிலில் பழைய பாட்டுகளை மட்டும் வைத்து வாசிக்கிறார்கள். அதே மாதம் டேட் தம்பதி வழக்குப் போடுகிறார்கள், டேட் நீக்கப்பட்ட செய்தியும் வெளியே வருகிறது. ஜூலை 13இல் சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியின் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுக்கிறது. அன்றிலிருந்து இரண்டு குயின்ஸ்ரைக்.

28 ஏப்ரல் 2013 | நீலத்தட்டு

தோல்முரசு அண்ணே, எனக்குப் புரியாத இடம் அதுதான். தடை மறுத்தால் ஒரு பக்கம் தோற்றது என்றுதானே ஆகவேண்டும்? இரண்டு பேருக்கும் எப்படி அனுமதி கிடைத்தது?

28 ஏப்ரல் 2013 | வழக்காடி

தம்பி, இடைக்காலத் தடை என்பது தீர்ப்பு இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அதைக் கேட்பவர் மூன்றைக் காட்டவேண்டும்: தனக்குத் தெளிவான உரிமை இருக்கிறது, அது உடனே பறிபோகும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது, பறிபோனால் உண்மையான, கணிசமான இழப்பு வரும். மூன்றில் ஒன்று நிற்கவில்லை என்றாலும் தடை இல்லை. தடை கிடைத்தாலும், பின்னால் வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்புக்கு ஈடுகட்டப் பிணைத்தொகை கட்டவேண்டும்.

டேட் பக்கம் தடை கேட்டது, கிடைக்கவில்லை. மற்ற மூவருக்கும் அவரைத் தடுக்கும் உத்தரவு கிடைக்கவில்லை. யாரையும் தடுக்காவிட்டால் இருவரும் பங்குதாரர், இருவரும் பயன்படுத்தலாம் என்ற நிலைமை தானாக வந்துவிடுகிறது. அது கடைசித் தீர்ப்பு வரைக்கும்தான்.

இந்தக் காலக்கெடுதான் எல்லாவற்றையும் இழுக்கிறது. ஒரு பெயர் எப்போது வேண்டுமானாலும் கையைவிட்டுப் போகும் என்றால் இரண்டு தரப்பும் என்ன செய்யும்? தீர்ப்புக்கு முன்னால் அந்தப் பெயரில் ஆல்பம் போட்டுவிடும்.

29 ஏப்ரல் 2013 | கம்பிக்காரன்

வழக்காடி சொன்ன அவசரத்தைக் காதால் கேட்கலாம். ‘ஃப்ரீக்வென்சி அன்னோன்’ மிக்ஸை, அதாவது ஒலிகளைக் கலந்த விதத்தை, உட்கார்ந்து கேளுங்கள். ஸ்னேர் ட்ரம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது, கிட்டார் குரலுக்குப் பின்னால் மூடிக் கிடக்கிறது, பாட்டுக்குப் பாட்டு குரலின் உயரம் மாறுகிறது. இத்தனைக்கும் கிட்டார் சோலோ வாசித்தவர்களின் பட்டியலில் கே.கே. டவுனிங், கிறிஸ் போலண்ட், டை டேபர், பிராட் கில்லிஸ் எல்லாம் இருக்கிறார்கள். வேறு வேறு ஊரிலிருந்து வேறு வேறு ஒலியோடு வரும் சோலோக்களை ஒரே அறையில் வாசித்ததுபோல் ஆக்கவேண்டும் என்றால் மிக்ஸ் மேசையில் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஈக்யூ (சுருதி உயர தாழ்வின் சமன்), எல்லாவற்றுக்கும் ஒரே ரிவெர்ப் (எதிரொலி), அளவு சரிபார்த்தல். இங்கே அந்த வேலைக்கு நேரம் கொடுத்த தடயமே இல்லை.

பாட்டுகள் மோசமில்லை. ‘கோல்ட்’ நல்ல பாட்டு. அதுதான் மனசுக்கு வருத்தம்.

30 ஏப்ரல் 2013 | நீலத்தட்டு

கடைசியில் ‘ஐ டோன்ட் பிலீவ் இன் லவ்’, ‘எம்பையர்’, ‘ஜெட் சிட்டி வுமன்’, ‘சைலண்ட் லூசிடிட்டி’ நாலையும் மறுபடி பதிந்து சேர்த்திருக்கிறார்கள். மூலத்தைத் தொட முடியாது என்று தெரிந்தும் ஏன்?

30 ஏப்ரல் 2013 | வழக்காடி

மாஸ்டர் வேண்டும் என்பதற்காக. இஎம்ஐ பதிவை விளம்பரத்திலோ படத்திலோ தொகுப்பிலோ போட இஎம்ஐயிடம் கேட்கவேண்டும், பணமும் அங்கேதான் போகும். புதிதாகப் பதிந்தால் அந்தப் பதிவு புது லேபிளுடையது.

எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டாமா என்றால், ஒருமுறை வெளியான பாட்டை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் பதிந்து விற்கலாம், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். 2013இல் உள்ள விகிதம் ஒரு பிரதிக்கு 9.1 சென்ட், பாட்டு 5 நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட், மிச்ச விநாடிகள் முழு நிமிடமாகக் கணக்காகும். 6 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைந்த பாட்டு என்றால் 10.5 சென்ட். ‘சைலண்ட் லூசிடிட்டி’யை எந்தக் குயின்ஸ்ரைக் பதிந்தாலும் இயற்றியவர் பணம் டிகார்மோ பக்கம் போகும். இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்காமல் வருமானம் பார்க்கும் ஒரே ஆள் அவர்.

2 மே 2013 | தோல்முரசு

டிக்கெட் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு, வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் ஏமாந்துவிடக் கூடாது. ‘மைண்ட்கிரைம் 25ஆம் ஆண்டு’ (1988இல் வந்த ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ கதை ஆல்பம்) என்று சுவரொட்டியில் இருந்தால் அது டேட் குழு. ‘ரிட்டர்ன் டு ஹிஸ்டரி’ என்றிருந்தால் லா டோரே பாடும் குழு. அரங்கத்தின் பக்கத்தில் வெறும் பெயரும் சின்னமும் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள், இரண்டு பக்கத்தின் பயணத் தேதியையும் வைத்துச் சரிபாருங்கள். தட்டு வாங்கும்போது அட்டையின் முதுகைப் பாருங்கள்: டேட் ஆல்பம் கிளியோபாட்ராவின் டெட்லைன் லேபிள், மற்றது செஞ்சுரி மீடியா. கடைத் தேடலில் இரண்டும் ஒரே பெயரில் வரும்.

29 ஜூன் 2013 | கம்பிக்காரன்

மற்ற ஆல்பமும் வந்துவிட்டது. பெயர் வெறும் ‘குயின்ஸ்ரைக்’. தயாரிப்பு ஜிம் பார்ட்டன். ‘மைண்ட்கிரைம்’, ‘எம்பையர்’ ஒலியில் கைவைத்த அதே ஆள். அதனால் ஒலியின் வடிவம் உடனே தெரிகிறது: இரண்டு கிட்டாரும் இடம் வலமாகப் பிரிந்து நிற்கின்றன, பேஸுக்குத் தனி இடம் இருக்கிறது, இரட்டைக் கிட்டார் மெலடி திரும்பி வந்திருக்கிறது. ‘வேர் ட்ரீம்ஸ் கோ டு டை’, ‘ரிடெம்ப்ஷன்’, ‘எ வேர்ல்ட் விதவுட்’ மூன்றையும் முதலில் கேளுங்கள். லா டோரே டேட்டைப் போலப் பாடுகிறார் என்ற குறை வரும். உச்சத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடு ஸ்தாயியில் இரண்டும் வேறு குரல்.

குறையும் சொல்கிறேன். மொத்தம் சுமார் 35 நிமிடம்தான். ‘மிட்நைட் லல்லபை’ ஒரு முன்னுரை போல வந்து போகிறது, பல பாட்டுகள் மூன்று நாலு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. ‘எம்பையர்’ காலத்தில் இவர்கள் பாட்டின் நடுவில் ஒரு இணைப்புப் பகுதியைக் கட்டி, திரும்ப வந்து, சோலோவுக்குப் பின் இன்னொரு திருப்பம் வைப்பார்கள். இங்கே அந்த மூன்றாவது திருப்பம் வருவதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. இதுவும் அவசரம்தான். அங்கே மிக்ஸில் தெரிந்தது, இங்கே நீளத்தில் தெரிகிறது.

30 ஜூன் 2013 | தோல்முரசு

மாஸ்டரிங்கும், அதாவது கடைசி ஒலிச் செப்பமும், இரைச்சல். சிம்பல் அடிக்கும் இடத்தில் கிக் ட்ரம் உள்ளே போகிறது. ஒலியை உச்சம் வரை தள்ளி உச்சத்தை அடக்கும் லிமிட்டரில் நசுக்கினால் வருவது அது.

இரண்டு ஆல்பத்தையும் ஒப்பிடுபவர்கள் முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். ரீப்ளேகெயின் உள்ள பிளேயரில் ஆல்பம் அளவைத் தேர்ந்தெடுத்தால் போதும். சமன் செய்யாமல் கேட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது சொல்லும், அது ஒவ்வொரு முறையும் ஏமாற்றும். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். தலைகள் கத்தரித்தது போல ஒரே மட்டத்தில் நின்றால் ட்ரம்ஸின் முதல் அடி அங்கே போய்விட்டது என்று அர்த்தம். எம்பி3யை வைத்து இந்தச் சோதனை வேண்டாம். சுருக்கும்போது சிகரங்கள் இடம் மாறும். சிடியிலிருந்து எடுத்த கோப்பே வேண்டும்.

6 ஜூலை 2013 | நீலத்தட்டு

அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200இல் டேட் ஆல்பம் நுழைந்தது 82இல். லா டோரே பாடியது 23இல். ரசிகர்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒன்று மோசமான மிக்ஸோடு வந்தது, மற்றது பெரிய மெட்டல் லேபிளோடு வந்தது. பெயருக்கான உரிமையை விற்பனை காட்டாது.

ஆனாலும் என் முதல் கேள்வியை இப்போது வேறு மாதிரி கேட்கத் தோன்றுகிறது. பாடகர் ஒருவரே பெயரைக் கொண்டுபோன முன்னுதாரணம் உண்டா?

7 ஜூலை 2013 | வழக்காடி

உண்டு, நல்லபடி முடியாதது. 1980இல் டீப் பர்ப்பிளின் முதல் பாடகர் ராட் எவன்ஸ், பழைய ஆட்கள் வேறு யாரும் இல்லாமல் அந்தப் பெயரில் பயணம் போனார். நீதிமன்றம் 6,72,000 டாலர் கட்டச் சொன்னது. ஆனால் அவர் நிலைமை வேறு. குழுவை விட்டுப் பல வருடம் ஆனவர், பெயரில் பங்கு இல்லாதவர். டேட் இன்னும் பங்குதாரர். அதனால்தான் இங்கே யாராலும் அவரைப் போலி என்று சொல்ல முடியவில்லை.

நார்வேயில் கோர்கொரோத் என்ற மெட்டல் குழுவின் வழக்கு இதற்குப் பக்கத்தில் வரும். 2007இல் பாடகர் கால், பேஸ் வாசித்த கிங் இருவரும் சேர்ந்து, குழுவைத் தொடங்கிய இன்ஃபெர்னஸை விலக்கிவிட்டுப் பெயரைத் தங்கள் பக்கம் பதிந்தார்கள். 2009இல் ஓஸ்லோ நீதிமன்றம் அந்தப் பதிவு செல்லாது என்றது. அவர்கள் ‘காட் சீட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெரும்பான்மை எல்லா இடத்திலும் வெல்லாது என்பதற்கு இது சாட்சி. அங்கே எழுதப்பட்ட நிறுவன அமைப்பு இல்லை, அதனால் யார் தொடங்கினார், யார் தொடர்ந்து இருந்தார் என்று போனது. குயின்ஸ்ரைக்கில் நிறுவனம் இருக்கிறது, அதனால் ஓட்டு கணக்காகிறது.

பிளாக் சாபத்தும் உண்டு. 2009இல் அதன் பாடகர் ஆசி ஆஸ்போர்ன், பெயரில் பாதி கேட்டு, கிட்டாரிஸ்ட் டோனி அயோமி மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டு, 2010இல் சமரசம். பெரும்பாலும் முடிவு இதுதான். விசாரணை வரை போனால் பெயர் சம்பாதித்ததை வக்கீல் கட்டணமே தின்றுவிடும்.

19 ஜனவரி 2014 | தோல்முரசு

‘ஃப்ரீக்வென்சி அன்னோன்’ மறுமிக்ஸ், பில்லி ஷெர்வுட் செய்தது, அசலோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்கவேண்டிய ஒன்று. குரல் முன்னால் வந்து ஒரே உயரத்தில் நிற்கிறது, ட்ரம்ஸுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேதம் முழுக்கச் சரியாகவில்லை. பதியும்போதே மெலிந்த ஒலியை மிக்ஸில் பருக்க வைக்க முடியாது. ஆனால் கம்பிக்காரன் சொன்ன குறையில் பாதி பதிவின் குறை இல்லை, மிக்ஸின் குறை என்று இதில் நிரூபணமாகிறது. வாங்குபவர்கள் அட்டையில் ஷெர்வுட் பெயர் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

29 ஏப்ரல் 2014 | வழக்காடி

முடிந்தது. நேற்று சமரசம் அறிவித்தார்கள். பெயரும் சின்னமும் வில்டன், ஜாக்சன், ராக்கன்ஃபீல்ட் மூவருக்கு. டேட்டின் பங்கை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். டேட் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை ஆகஸ்ட் இறுதிக்குள் முடித்துக்கொள்வார். ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ இரண்டு பாகத்தையும் முழுசாக மேடையேற்றும் தனி உரிமை டேட்டுக்கு. குயின்ஸ்ரைக் அதிலிருந்து தனித்தனிப் பாட்டுகளை வாசிக்கலாம், ஆல்பத்தை முழுதாக வாசிக்கக் கூடாது.

29 ஏப்ரல் 2014 | கம்பிக்காரன்

அப்படியானால் நாளைக்கு வேறு ஒரு குழு ‘மைண்ட்கிரைம்’ முழுதையும் வாசித்தால்?

30 ஏப்ரல் 2014 | வழக்காடி

வாசிக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டும். அமெரிக்காவில் நேரடி இசைக்கு அரங்கம்தான் இயற்றியவர்களுக்காக வசூலிக்கும் அஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளுக்கு உரிமத் தொகை கட்டுகிறது. அந்த உரிமத்தில் வெளியான பாட்டை யாரும் வாசிக்கலாம். அதாவது ஊர்பேர் தெரியாத குழு செய்யக்கூடியதை, அந்த ஆல்பத்தில் வாசித்த மூன்று பேர் செய்யக் கூடாது.

ஒரு வரம்பு உண்டு. அந்த உரிமம் கச்சேரிக்கு மட்டும். அந்த ஆல்பத்தின் கதையில் வரும் நிக்கி, சிஸ்டர் மேரி, டாக்டர் எக்ஸ் என்று ஆட்களை நடிக்க வைத்துக் கதையாக நடத்தினால் அது நாடகம், இயற்றியவர்களிடம் தனி அனுமதி வேண்டும்.

4 மே 2014 | நீலத்தட்டு

சமரசத்தைப் படித்தபின் என் நிலைப்பாடு இது: பெயர் மூவரிடம் போனது சரி, ‘மைண்ட்கிரைம்’ டேட்டிடம் போனதும் சரி. அந்தக் கதையை நடத்திச் சென்றது அவர் குரல்தான்.

வழக்காடி அண்ணே, புதிதாகக் குழு தொடங்குபவர்கள் எதை எழுதி வைக்கவேண்டும் என்று ஒரே குறிப்பாகப் போடுங்கள்.

5 மே 2014 | வழக்காடி

பெயர் யாரிடம் என்று முதல் வரியில் எழுதுங்கள்: ஒருவரிடமா, எல்லோருக்கும் பொதுவான நிறுவனத்திடமா. விலகுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது என்று சூத்திரமே எழுதுங்கள், உதாரணமாகக் கடைசி மூன்று வருட நிகர வருமானத்தின் சராசரி. ‘நியாயமான விலை’ என்று மட்டும் எழுதினால் வழக்கு அங்கேதான் பிறக்கும். தானாக விலகுபவருக்கும் நீக்கப்படுபவருக்கும் தனித்தனி விதி வேண்டும். ‘முன்னாள் உறுப்பினர்’ என்று எத்தனை வருடம், எவ்வளவு பெரிய எழுத்தில் போடலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நாலு பேர் குழுவில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு விழுந்தால் யார் முடிவு செய்வார் என்பதை மறக்கவே கூடாது. இணையதளம், சமூக வலைக் கணக்கு, ரசிகர் பட்டியல், இவற்றின் கடவுச்சொல் நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்கவேண்டும், ஒரு ஆளின் கைப்பேசியில் அல்ல. மேனேஜராகக் குடும்பத்தவரை வைத்தால், அவரை நீக்கும் ஓட்டில் சம்பந்தப்பட்ட உறுப்பினர் கலந்துகொள்ளலாமா என்பதையும் எழுதுங்கள்.

டிரேட்மார்க்கைப் பதிந்துவிட்டுத் தூங்காதீர்கள். அமெரிக்காவில் 5ஆம் 6ஆம் ஆண்டுக்கு இடையில் பயன்பாட்டு உறுதிமொழி, பிறகு 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. தவறினால் பதிவு ரத்து.

11 அக்டோபர் 2015 | கம்பிக்காரன்

அவசரம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க குயின்ஸ்ரைக்கின் ‘கண்டிஷன் ஹியூமன்’ ஆல்பத்தைக் கேளுங்கள். பாட்டுகளுக்கு நீளம் திரும்பிவிட்டது, 2013இல் காணோம் என்று எழுதிய மூன்றாவது திருப்பம் தலைப்புப் பாட்டில் இருக்கிறது. டேட் பக்கம் தன் குழுவுக்கே ஆபரேஷன்: மைண்ட்கிரைம் என்று பெயர் வைத்து ‘தி கீ’ போட்டிருக்கிறார். கீபோர்டு அடுக்கும் மெதுவான நடையும் கூடியிருக்கிறது. அவருக்கு எப்போதும் போக ஆசை இருந்த திசை அது. பெயரைச் சுமக்காமல் போயிருக்கிறார், அது ஆல்பத்துக்கு நல்லது.

21 நவம்பர் 2021 | தோல்முரசு

பழைய இழையை எழுப்புகிறேன், காரணம் இருக்கிறது. 2017இல் விடுப்பில் போய்த் திரும்பாத ராக்கன்ஃபீல்ட், வில்டன் மேலும் ஜாக்சன் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார். தன்னை முறையில்லாமல் வெளியேற்றினார்கள் என்கிறார். 2012இல் டேட் சொன்னது ஏறக்குறைய இதே வாதம். அன்றைக்கு ஓட்டுப் போட்ட மூவரில் ஒருவர் இன்று மறுபக்கம் நிற்கிறார்.

ட்ரம்ஸ் வாசிப்பவனாக எனக்கு இது தனியாக வலிக்கிறது. குயின்ஸ்ரைக்கின் ‘தி வெர்டிக்ட்’ ஆல்பத்தில் லா டோரேயே ட்ரம்ஸ் வாசித்தார், நன்றாகவே. அவர் முதலில் ட்ரம்மர்தான். ஆனால் ராக்கன்ஃபீல்டின் ஹை-ஹேட் வேலை, ஸ்பிளாஷ் சிம்பலை எதிர்பாராத இடத்தில் வைக்கும் பழக்கம், அதை எந்தப் பங்குப் பத்திரமும் கைமாற்றாது.

22 நவம்பர் 2021 | வழக்காடி

மூன்று பங்குதாரரில் இரண்டு பேர் பெரும்பான்மை. நாலில் மூன்று என்பதைவிட இது ஆபத்தான கணக்கு. 2014லேயே தங்களுக்குள் புது ஒப்பந்தம் எழுத அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது.

9 அக்டோபர் 2022 | நீலத்தட்டு

குயின்ஸ்ரைக்கின் ‘டிஜிட்டல் நாய்ஸ் அலையன்ஸ்’ ஆல்பம் வெளியாகி இரண்டு நாள். தயாரிப்பு ஸீயுஸ், ட்ரம்ஸில் கேசி கிரில்லோ, கிட்டாருக்கு மைக் ஸ்டோன் திரும்பியிருக்கிறார். முதல் ஈபியிலிருந்து (சில பாட்டு மட்டும் உள்ள குறு ஆல்பம்) இருப்பவர்கள் இனி வில்டனும் ஜாக்சனும் மட்டும். ஜாக்சனின் பேஸ் இந்த ஆல்பத்தில் முன்னால் கேட்கிறது, ஹெட்ஃபோனில் இடப்பக்க கிட்டாருக்குக் கீழே கவனியுங்கள். கடைசியில் பில்லி ஐடலின் ‘ரெபெல் யெல்’ போட்டிருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, அதற்கு முந்தைய பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

9 அக்டோபர் 2022 | கம்பிக்காரன்

‘ரெபெல் யெல்’லை விட்டுவிடலாம், சரி. ‘பிஹைண்ட் தி வால்ஸ்’ மட்டும் சத்தத்தைக் குறைத்து இன்னொரு தடவை கேளுங்கள், பின்னணி ஹார்மனி அப்போதுதான் பிரிந்து கேட்கும்.